நாசாவின் ஃபர்ம்ஸ் தீ வரைபடம்: புல்வெளியைப் பேணுவோருக்கு எந்த அளவு உதவும்?

காட்டுத்தீ பற்றிய செய்திகளோடு சிவப்புப் புள்ளிகள் நிறைந்த வரைபடம் ஒன்றும் அடிக்கடி வெளியாகும். பெரும்பாலும் அது, செயற்கைக்கோள்கள் கண்ட தீயிடங்களைக் காட்டும், நாசா நடத்தும் ஃபர்ம்ஸ் சேவையிலிருந்து எடுக்கப்பட்டதாக இருக்கும். உலகம் முழுமைக்கும் கட்டணமின்றிக் கிடைக்கும் இச்சேவையை மரக்காட்டுத் தீயை மனத்தில் வைத்துப் பாராட்டியவர்கள் பலர். புல்வெளிக்கு அது எப்படிப் பொருந்துகிறது என்பதை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்கிறேன். ஆண்டுதோறும் உலகில் எரியும் நிலப்பரப்பில் பெரும்பங்கு புல்வெளிகளையும் சவன்னாக்களையும் (மரங்கள் சிதறி நிற்கும் புல்நிலங்கள்) சேர்ந்தது; அங்கே தீ நடந்துகொள்ளும் விதமும் வேறு. ஒரு நிலத்தின் தீ வரலாற்றை அறிய இச்சேவை மிகச் சிறந்தது என்பதும், எச்சரிக்கை மணியாகவோ, திட்டமிட்ட எரிப்பை (புல்வெளியைப் பேண வேண்டுமென்றே தீயிடுவதை) சரிபார்க்கும் கணக்காகவோ அதை நம்பக்கூடாது என்பதும் என் கருத்து.

மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்ட இச்சேவை 2012 முதல் நாசாவின் உடனடித் தரவு அமைப்பின் கீழ் இயங்கி வருகிறது. டெர்ரா, அக்வா ஆகிய செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் கருவியும், சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 ஆகியவற்றில் உள்ள வீர்ஸ் கருவியும் இதற்குத் தரவு தருகின்றன. எரியும் தீ, சுமார் 4 மைக்ரான் அலைநீளமுள்ள நடு அகச்சிவப்புக் கதிர்களைச் சுற்றுப்புறத்தைவிடப் பன்மடங்கு மிகுதியாக உமிழ்கிறது. அந்த வேறுபாட்டைக் கொண்டு, ஒரு பிக்சலுக்குள் (படத்தின் மிகச்சிறிய கட்டத்துக்குள்) தீ இருக்கிறதா இல்லையா என்று கணிக்கிறார்கள். மோடிஸின் பிக்சல் 1 கி.மீ. அகலமுடையது, வீர்ஸின் பிக்சல் 375 மீட்டர். பெரும்பாலான நாடுகளுக்குச் செயற்கைக்கோள் கடந்துசென்ற பிறகு 3 மணி நேரத்துக்குள் புள்ளிகள் வரைபடத்தில் ஏறிவிடுகின்றன. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் இதைவிட விரைவாகவே கிடைக்கின்றன.

மரக்காட்டுக்கு 3 மணி நேரத் தாமதம் பொறுத்துக்கொள்ளத் தக்கது. அடிமரமும் சருகுப் படுகையும் நாள்கணக்கில் கனன்றுகொண்டிருப்பதால், இந்தச் சுற்றில் தவறிய தீயை அடுத்த சுற்றில் பிடித்துவிடலாம். புல்லுக்கு அந்தப் பொறுமை கிடையாது. காய்ந்த புல், காற்றின் ஈரப்பதம் மாறினால் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தானும் அதற்கேற்ப மாறிவிடும் மெல்லிய எரிபொருள். தீப்பற்றினால் ஓரிடத்தில் சில விநாடிகள் எரிந்து சாம்பலாகி, முனை முன்னே ஓடிவிடும். 2021 டிசம்பர் 30 அன்று அமெரிக்காவின் கொலராடோவில் மூண்ட மார்ஷல் தீ, மணிக்கு 160 கி.மீ.யைத் தாண்டி வீசிய காற்றின் துணையோடு, முற்பகலில் காய்ந்த புல்லில் தொடங்கி, அன்றிரவுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை அழித்தது. இத்தகைய தீயின் முன்னால் வரைபடத்தைப் புதுப்பித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் பொருளில்லை.

மூன்று செயற்கைக்கோள்களில் வீர்ஸ் இருப்பதால் நாள் முழுதும் கண்காணிப்பு இருக்கிறது என்று எண்ணுவோரும் உண்டு. அம்மூன்றும் ஏறத்தாழ ஒரே நேரத்தில், அதாவது பிற்பகல் 1.30 மணியையும் பின்னிரவு 1.30 மணியையும் ஒட்டியே, வரிசையாகக் கடந்து செல்கின்றன. மாலை 4 மணிக்குப் பற்றிய புல்தீ, இரவில் ஈரப்பதம் ஏறியதும் தானாகவே அடங்கிவிடுமானால், இவற்றில் எதன் கண்ணிலும் படாமலேயே முடிந்துபோகக்கூடும். மேகம் சூழ்ந்திருந்தாலும் இதே நிலைதான். பூமியோடு சேர்ந்து சுழலும் நிலைத்த செயற்கைக்கோள்களின் தரவையும் இப்போது வரைபடத்தில் சேர்த்திருப்பது இடைவெளியை ஓரளவு குறைக்கிறது. ஆனால் அவற்றின் பிக்சல் 2 கி.மீ. அல்லது அதற்கும் பெரிது என்பதால் சிறு தீ அதில் கரைந்துவிடும்.

திட்டமிட்ட எரிப்பைப் பொறுத்தவரை சிக்கல் இன்னும் நுட்பமானது. அனுபவமுள்ள குழு ஈரப்பதமும் காற்றும் வரம்புக்குள் இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்து, முதலில் காற்று செல்லும் பக்கத்து எல்லையில் தீயிட்டு, அது காற்றை எதிர்த்து மெல்லப் பின்னோக்கி எரிந்து ஓர் அகலமான கருகிய பட்டையை உண்டாக்கும்வரை காத்திருக்கும். பிறகு பக்கவாட்டு எல்லைகளை எரித்துவிட்டு, கடைசியாகத்தான் காற்று வரும் பக்கத்தில் தீயிடும். எதிர்க்காற்றில் ஊரும் தீயின் சுவாலை குட்டையானது, வெளியிடும் ஆற்றலும் குறைவு. காலையில் தொடங்கிய வேலை நண்பகலுக்குள் முடிந்து, எல்லையோரப் புகைச்சலும் அணைக்கப்பட்டுவிட்டால், 1.30 மணிக்கு வரும் செயற்கைக்கோளுக்குக் காண எதுவும் மிஞ்சுவதில்லை. எல்லை மீறி, பிற்பகல் வெப்பத்தில் பெருஞ்சுவாலையுடன் ஓடும் எரிப்போ பளிச்சென்று பதிவாகும். எனவே ஒரு வட்டாரத்தில் நடந்த எரிப்புகளை இந்தப் புள்ளிகளைக் கொண்டு மதிப்பிட முனைந்தால், ஒழுங்காக நடந்தவை பல விடுபட்டு, கைமீறியவை முன்னிற்கும் பட்டியலே கையில் கிடைக்கும். போதாக்குறைக்கு, ஒரு புள்ளி காட்டுவது திட்டமிட்டு வைத்த தீயா, தற்செயலாக மூண்டதா என்று பிரித்துச் சொல்லும் வழி இந்தத் தரவில் அறவே இல்லை. களத்தில் எழுதிய எரிப்புப் பதிவேட்டுக்கு இது மாற்றாகாது.

புள்ளிகளை எண்ணிப் பரப்பைக் கணக்கிடும் பழக்கத்தையும் இங்கே கண்டிக்க வேண்டியிருக்கிறது. வீர்ஸ் பிக்சல் ஒன்று ஏறத்தாழ 14 ஹெக்டேர். அதில் புள்ளி விழுந்தால், அந்த 14 ஹெக்டேருக்குள் எங்கோ தீ இருந்தது என்றுதான் பொருள்; முழுவதும் எரிந்தது என்றல்ல. செயற்கைக்கோளின் பார்வை விளிம்புக்குச் செல்லச் செல்லப் பிக்சலின் அளவும் பெருகும். ஒவ்வொரு புள்ளியோடும் மெகாவாட்டில் தரப்படும் கதிர்வீச்சுத் திறன் என்னும் எண் இதைவிடப் பயனுள்ளது. ஆயினும் அந்தக் கணத்தில் அந்தப் பிக்சல் வெளியிட்டதை மட்டுமே அது சொல்கிறது என்பதால், தீயின் கடுமைக்கு அதை அப்படியே மதிப்பெண்ணாகக் கொள்ளக்கூடாது. எரிந்த பரப்புதான் வேண்டுமென்றால், 500 மீட்டர் அளவில் மாதந்தோறும் வெளியாகும் மோடிஸ் எரிபரப்புத் தரவையோ, ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களையோ நாடுவதே முறை. புல் தளிர்த்ததும் எரிந்த தழும்பு விரைவில் மறைந்துவிடும் என்பதால் படத்தைத் தாமதமின்றி எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இச்சேவையைப் பரிந்துரைக்கவே செய்கிறேன். காரணம் அதன் ஆவணக் காப்பகம். மோடிஸ் பதிவுகள் 2000 நவம்பரிலிருந்தும், வீர்ஸ் பதிவுகள் 2012 ஜனவரியிலிருந்தும் கிடைக்கின்றன. ஓர் எல்லையை வரைந்து, ஆண்டுகளைக் குறிப்பிட்டு விண்ணப்பித்தால், அட்டவணையாகவோ வரைபடக் கோப்பாகவோ அனுப்பிவைக்கிறார்கள். அதை மாதவாரியாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு பெரிய புல்வெளியில் தீ எப்போது வருகிறது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை திரும்புகிறது, எந்த மூலையை எட்டுவதே இல்லை என்பவை ஓரளவு துலங்கும். புல்வெளியைப் பேணுவோருக்கு இதைவிட முக்கியமான கேள்வி குறைவு. அமெரிக்காவின் கன்சாஸிலுள்ள கோன்சா புல்வெளி ஆய்வுக்களத்தில் நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, வெவ்வேறு ஆண்டு இடைவெளிகளில் பல பத்தாண்டுகளாக எரித்து வருகிறார்கள். ஆண்டுதோறும் எரித்த பகுதிகள் புல்லாகவே நிலைத்திருக்க, இடைவெளி நீண்ட பகுதிகளில் புதரும் மரமும் நுழைந்துவிட்டன. வட ஆஸ்திரேலியச் சவன்னாவில், வறண்ட பருவத்தின் தொடக்கத்திலேயே மிதமாக எரித்து, ஆகஸ்டுக்குப் பின் மூளும் கடுந்தீயைக் குறைக்கும் முறை நடப்பில் இருக்கிறது. அங்கெல்லாம் எரிப்பு எந்த மாதத்திலிருந்து எந்த மாதத்துக்கு நகர்ந்தது என்பதே வெற்றியை அளக்கும் கோல். அந்த அளவீட்டுக்குச் செயற்கைக்கோள் பதிவுகளே அடிப்படை.

காப்பகத்தைக் கையாளும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. உடனடித் தரவைவிட, பின்னர் செப்பம் செய்து வெளியிடப்படும் தரவையே ஆய்வுக்கு எடுக்க வேண்டும். தாவரத் தீயா, எரிமலையா, தொழிற்சாலை போன்ற நிலையான வெப்ப மூலமா என்று வகைப்படுத்தும் அட்டவணை நெடுவரிசை அதில்தான் உண்டு. அடுத்தது, டெர்ராவும் அக்வாவும் வயதானவை. எரிபொருளைச் சேமிக்க வேண்டி அவற்றின் சுற்றுப்பாதையை முன்போல் திருத்துவதில்லை என்பதால், ஓரிடத்தைக் கடக்கும் நேரம் நகர்ந்துவிட்டது. புல்தீ மணிக்கு மணி மாறுவது. ஆகவே அண்மை ஆண்டுகளின் மோடிஸ் எண்ணிக்கை குறைந்திருப்பதை மட்டும் கண்டு, தீயே குறைந்துவிட்டது என்று அறிவித்துவிடக் கூடாது.

மின்னஞ்சல் அறிவிப்பு வசதியைப் பயன்படுத்த விரும்புவோர், தம் நிலத்தின் எல்லையோடு நிறுத்திக்கொள்ளாமல், காற்று வழக்கமாக எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில் பல கி.மீ. தள்ளி எல்லையை விரித்துக்கொள்வது நல்லது. நம்பகத்தன்மை குறைந்தது என்று குறிக்கப்பட்ட புள்ளிகளையும் நான் ஒதுக்குவதில்லை. வெயில் எதிரொளித்து எழும் பொய்ப்புள்ளிகள் அவற்றுள் மிகுதி என்றாலும், எதிர்க்காற்றில் ஊரும் குட்டைத் தீ பதிவானால் அநேகமாக அந்த வகையில்தான் பதிவாகும்.