டா நாங் சாம் சிற்ப மியூசியம், கண்டிப்பா போங்க

மத்திய வியட்நாம் போறவங்க இத விட்றாதீங்க. சாம்னா அந்தப் பகுதிய முன்னாடி ஆண்ட மக்கள், நம்ம இந்து சாமிங்களுக்குக் கோயில் கட்டினவங்க. ஹான் ஆத்தங்கரையில டிராகன் பிரிட்ஜ் பக்கத்துலயே இருக்கு, 1919ல திறந்த மஞ்சள் கலர் பில்டிங், டிக்கெட் 60,000 டாங். சாம் மக்கள் கட்டின மீ சன் கோயில்லேர்ந்து கொண்டுவந்த 7ஆம் நூற்றாண்டு மணல்கல் பீடம் ஒண்ணு இருக்கு பாருங்க, அதுல ரிஷிங்களோட அன்றாட வாழ்க்கைய அப்படியே செதுக்கிருக்காங்க, ஒருத்தர் புல்லாங்குழல் ஊதுறாரு, இன்னொருத்தருக்கு உடம்பு பிடிச்சு விடுறாங்க, நான் அதுக்கிட்டயே அரைமணி நேரம் நின்னுட்டேன். ட்ரா கியூங்கிற ஊர்ல கிடைச்ச நாட்டியக்காரி சிற்பம், அவ இடுப்ப வளைச்சு நிக்கிற அழகு, மேல போட்டிருக்க முத்துச்சரம், கல்லுன்னே தோணல. நின்ன கோலத்துல பிள்ளையார பாத்ததும் கை தானா கூப்பிருச்சு, இவ்ளோ தூரத்துல நம்ம சாமி! சிவலிங்கம், நந்தி எல்லாமே இருக்கு. அவசரமா மட்டும் போகாதீங்க, முதல்ல இத பாத்துட்டு அப்புறம் மீ சன் போனீங்கன்னா அங்க இடிஞ்சு நிக்கிற செங்கல் கோயில் நல்லாவே புரியும்.