கழுகுமலையில் ஊர்க்காரர்கள் நடத்தும் அரைநாள் நடை: ஒரு மதிப்புரை

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில், கரிசல் காட்டின் நடுவே ஒரு பாறைக் குன்றை அணைத்தபடி கிடக்கும் ஊர் கழுகுமலை. வெளியூரிலிருந்து வருபவர்களில் பெரும்பாலோர் வெட்டுவான் கோயிலைப் படம் எடுத்துக்கொண்டு, கழுகாசலமூர்த்தி என்ற பெயரில் இங்கே இருக்கும் முருகனைத் தரிசித்துவிட்டு, மதியத்துக்குள் பேருந்து ஏறிவிடுகிறார்கள். உள்ளூர் இளைஞர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் இந்த நடை, அப்படி ஓடிவிடாமல் நம்மை நிறுத்தி, இந்த மலையில் யார் யார் வாழ்ந்தார்கள், யாரை வணங்கினார்கள் என்று கேட்க வைக்கிறது. ஒருவருக்கு 400 ரூபாய் வாங்குகிறார்கள். கொடுத்த பணத்துக்கு மேலாகவே கிடைத்தது என்பது என் கருத்து. ஆனால் ஓர் இடத்தில் இந்த நடை தன் கடமையைத் தவறவிடுகிறது, அதையும் எழுதியாக வேண்டும்.

வெட்டுவான் கோயிலில் அவர்கள் அதிக நேரம் எடுத்துக்கொள்வதில்லை. 8ஆம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில், பாறையை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டே வந்து, சிகரமும் மேல்தளங்களும் முடிந்து, அடிப்பகுதி முடியாமல் நின்றுவிட்ட ஒற்றைக்கல் கோயில் இது. எதிரேயுள்ள பாறை விளிம்பில் நம்மை நிற்கவைத்து, சிகரத்தைக் கண்மட்டத்தில் பார்க்கச் சொல்கிறார்கள். தென்முகத்தில் மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியின் விரல்கள் தோலின் மேல் படியும் அழகை அங்கிருந்துதான் நன்றாகக் காண முடிகிறது. தந்தைச் சிற்பி தன் மகனையே வெட்டிய கதையை, அது ஊரில் வழங்கும் கதை என்று தெளிவாகச் சொல்லியே கூறியது எனக்கு நிறைவாக இருந்தது. வரலாற்றையும் செவிவழிக் கதையையும் ஒன்றாகக் கலந்து பரிமாறும் வழிகாட்டிகளையே நாம் அதிகம் பார்த்திருக்கிறோம்.

நடையின் உயிர் சமணச் சிற்பங்களின் முன்னால்தான் இருக்கிறது. சமணர் வணங்கும் அருளாளர்களான தீர்த்தங்கரர்கள் வரிசை வரிசையாக அமர்ந்திருக்கும் அந்தப் பாறை முகத்தில் பார்சுவநாதரையும் பாகுபலியையும் சிங்கத்தோடு நிற்கும் அம்பிகையையும் காட்டிவிட்டு வேறு எவரும் நகர்ந்துவிடுவார்கள். இங்கே வழிகாட்டி தன் பையிலிருந்து ஒரு சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து, வெயிலைப் பாறையின் மேல் சாய்வாகப் பாய்ச்சினார். "அண்ணாச்சி, கொஞ்சம் இந்தப் பக்கமா வாங்க, வெளிச்சம் சரிஞ்சு விழுந்தாத்தான் எழுத்து தெரியும்" என்றார். வெறும் சொரசொரப்பாகத் தோன்றிய கல்லில், உருவங்களின் கீழே, முற்காலத்தில் தமிழை எழுதப் பயன்பட்ட வட்டெழுத்தில், வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. மாவோ தண்ணீரோ சாக்குக்கட்டியோ எதுவும் கல்லின் மேல் படவில்லை. பழஞ்சின்னங்களைக் காட்டுபவர்கள் அனைவரும் பின்பற்ற வேண்டிய முறை இது.

அந்த எழுத்துகள் சொல்வது அரசர்களின் வெற்றிகளை அல்ல. இந்த உருவத்தை இன்னார் செய்வித்தார் என்ற செய்தியையே. இத்தகைய வட்டெழுத்துப் பொறிப்புகள் இங்கே ஏறத்தாழ நூறு உள்ளன. செய்வித்தவர்களில் துறவிகளும் அவர்களுடைய மாணாக்கர்களும் மட்டுமல்லாமல், கைத்தொழில் செய்து பிழைத்தவர்களும் இருந்திருக்கிறார்கள். குரத்தியர் எனப்பட்ட பெண் துறவிகள் ஆசிரியர்களாக இருந்து, ஆண்களையும் பெண்களையும் மாணாக்கர்களாக ஏற்றிருந்தார்கள் என்பதும் இப்பொறிப்புகளிலிருந்தே தெரிகிறது. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர், அப்போது அரைமலை என்று வழங்கிய இந்தக் குன்றில், ஒரு பெண் பாடம் சொல்ல மற்றவர்கள் அமர்ந்து கேட்டார்கள் என்பதை அந்த இடத்திலேயே நின்று அறிவதற்காகவே இந்த நடைக்கு வரலாம். அருகிலேயே அய்யனாருக்கும் கோயில் இருக்கிறது. ஒரு வழிபாடு ஓய்ந்த இடத்தில் இன்னொன்று தழைத்ததை, எதையும் தாழ்த்தாமலும் உயர்த்தாமலும் அவர்கள் விளக்கிய நிதானம் பாராட்டுக்குரியது.

கீழே இறங்கியபின் முருகன் கோயில். மலையைக் குடைந்த கருவறை என்பதால், சுவாமியை வலம்வர வேண்டுமானால் மலையையே சுற்றி வர வேண்டும். ஒருமுகமும் ஆறு கைகளுமாக மேற்கு நோக்கி வீற்றிருக்கும் மூர்த்தியைப் பற்றியும், மயிலின் தலை வழக்கத்துக்கு மாறாக இடப்புறம் திரும்பியிருப்பதைப் பற்றியும் சுருக்கமாகச் சொன்னார்கள். காவடிச் சிந்தைப் பற்றிய பகுதி இதைவிட நன்றாக அமைந்தது. சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் (1865–1891) இருபத்தாறு வயதுக்குள் மறைந்தவர்; ஊற்றுமலை ஜமீன்தார் இருதாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் இருந்து, காவடி எடுத்து நடப்பவர்களின் காலடிக்கு ஏற்ற சந்தத்தில் கழுகுமலை முருகனைப் பாடினார். கிரிவலப் பாதையில் நடந்துகொண்டே அந்தச் சந்தத்தை வழிகாட்டி தாளமிட்டுக் காட்டியபோது, குழுவில் வந்திருந்த வயதான அம்மா ஒருவர் தானாகவே தொடர்ந்து பாடத் தொடங்கினார்.

குறை தேர்வீதியில்தான் இருக்கிறது. 1895இல் பங்குனி உத்திரத் திருவிழாவின்போது, தேர்வீதியில் ஊர்வலம் செல்லும் உரிமை குறித்து நாடார் சமூகத்தாருக்கும், கோயிலை நிர்வகித்துவந்த எட்டயபுரம் ஜமீன் தரப்புக்கும் நெடுநாளாக இருந்த பிணக்கு கலவரமாக வெடித்து, இரு தரப்பிலும் உயிர்கள் போயின. இவ்வூர் நாடார்களில் பலர் கிறித்தவத்தைத் தழுவியிருந்த காலம் அது. அந்த வீதியின் வழியாகவே நம்மை அழைத்துச் செல்பவர்கள், "முன்னே இங்கே ஒரு சண்டை நடந்தது" என்ற ஒற்றை வரியோடு கடந்துவிடுகிறார்கள். நான் கேட்டபோது, எல்லாத் தரப்பினரும் இன்று பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்கிறார்கள், பழையதைக் கிளற மனம் வரவில்லை என்றார் வழிகாட்டி. அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். என்றாலும், உருவம் செய்வித்த எளியவர்களின் பெயர்களை அவ்வளவு அக்கறையோடு படித்துக்காட்டும் ஒரு நடை, தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராடியவர்களைப் பற்றிப் பேசாமல் விடுவது பொருந்தவில்லை. யாரையும் குற்றம்சாட்டாமல் பத்து நிமிடங்களில் அதைச் சொல்லும் திறமை அவர்களிடம் நிச்சயமாக இருக்கிறது.

பொறிப்புகளின் வாசகங்களை அச்சிட்ட ஒரு சிறு கையேடு தந்தால், வீட்டுக்குச் சென்றபின்னும் பயன்படும். கோடையில் காலை வேளையையே தேர்ந்தெடுங்கள். பத்து மணிக்கு மேல் பாறை காலைச் சுடுகிறது, மலைமேல் நிழலும் குறைவு. மூட்டுவலி உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால், ஏறும்போது இடையிடையே உட்காரவைத்து அழைத்துச் செல்கிறார்கள். குடிதண்ணீரை நீங்களே எடுத்துச் செல்ல வேண்டும்.