சுண்டுவிரல் பக்கம் சுருங்கிய விசைகள்: மூன்று வருட டேப்லெட் அனுபவம்

போன வாரம் டேப்லெட்டின் கீபோர்டை மாற்றினேன். திரையோடு பலகையைச் சேர்க்கும் இடத்தில் மடிகிற துணிப் பட்டை ஒன்று உண்டு. அதற்குள் ஓடும் மெல்லிய கம்பிகள் மூன்று வருடம் மடித்து விரித்ததில் விட்டுப்போயின. முதலில் எப்போதாவது ஒரு நொடி இணைப்பு போய் வரும். அப்புறம் பலகையை ஒரு குறிப்பிட்ட சாய்வில் பிடித்தால்தான் எழுத்து விழுந்தது. இணைப்புப் புள்ளிகள் ஐந்தையும் அழிரப்பரால் துடைத்துப் பார்த்தேன், பலன் இல்லை. "உள்ள போற வயரை ஒட்ட முடியாதும்மா, பலகையையே மாத்திடுங்க" என்றார் பழுது பார்ப்பவர். மாற்றிவிட்டேன். அதே வாரம் சித்தி மகன் கேட்டான்: "அக்கா, நீங்க அதையேதானே லேப்டாப்பா வச்சிருக்கீங்க? நானும் ஒண்ணு வாங்கட்டுமா?" போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

10.1 அங்குலத் திரை, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, விண்டோஸ். குறைந்த விலை டேப்லெட்டில் கிடைக்கும் வழக்கமான சரக்குதான். பிரௌசரில் ஏழெட்டு டேப் திறந்தால் மூச்சு வாங்கும், எழுதும் வேலைக்கு மட்டும் என்றால் போதும். மடியில் வைத்து எழுதப் பார்த்தால், எடை முழுக்கத் திரைப்பக்கம் இருப்பதால் பின்னால் சாயும். மேசை வேண்டும். இதெல்லாம் வாங்கும்போதே தெரிந்ததுதான், அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை.

என் மனத்தாங்கல் வேறு. நான் மொழிபெயர்ப்பும் மெய்ப்பும் பார்ப்பவள். நாள் முழுக்கத் தமிழில், அதுவும் ஒவ்வொரு விசையிலும் தமிழ் எழுத்தையே நேராக வைத்திருக்கும் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்கிறேன். இந்தப் பலகையில் வலது ஓரத்து விசைகளை ஒடுக்கிவிட்டார்கள். அளவுகோல் வைத்துப் பார்த்தேன். நடுவில் இருப்பவை 16 மி.மீ. அகலம், ஓரத்தில் இருப்பவை 10 மி.மீ. கூட இல்லை. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அது அரைப்புள்ளி, மேற்கோள் குறி, சதுர அடைப்பு, சாய்கோடு. எப்போதாவது தொடுகிற குறிகள், அதனால் அவருக்கு ஒன்றும் உறைக்காது. தமிழ்99இல் அதே விசைகளில் யார் குடியிருக்கிறார்கள் தெரியுமா? அரைப்புள்ளியில் ந. அதற்கு அடுத்த மேற்கோள் குறியில் ய. அடைப்புக்குறிகள் இரண்டிலும் ச, ஞ. சாய்கோட்டில் ழ. நான், நீ, செய், யார், சொல் என்று எதை எழுதப் போனாலும் அந்த ஒடுங்கிய சந்துக்குள்தான் விரல் போக வேண்டும். 'தமிழ்' என்று எழுதவே ஒடுக்கிய விசை ஒன்று தேவைப்படுகிறது!

இதில் ழ படும் பாடு தனி. அதன் விசையை மேல் அம்புக்குறிக்கு ஒட்டி வைத்திருக்கிறார்கள். 'தமி' வரை சரியாக வரும். ழ என்று நினைத்து அழுத்தினால் அம்பு அழுந்தும். கர்சர் சத்தமில்லாமல் மேல் வரிக்கு ஏறிவிடும். விரலோ பழக்கத்தில் அடுத்த புள்ளியை வைத்துவிடும். அந்தப் புள்ளி மேல் வரியில் ஏதோ ஒரு சொல்லின் நடுவில் போய் உட்காரும். அப்படித்தான் ஒரு மொழிபெயர்ப்பில் 'கடல்' என்ற சொல் 'கட்ல்' ஆகி, நான் கவனிக்காமலே பதிப்பாசிரியரிடம் போய்ச் சேர்ந்தது. சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். எனக்கு அன்று முழுக்க மனசு ஆறவில்லை. மெய்ப்புப் பார்க்கிறவள் அனுப்பும் பக்கத்தில் அப்படி ஒரு பிழை வரலாமா?

ய இன்னொரு விதம். அது என்டர் விசைக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. கட்டுரையில் என்றால் பத்தி உடையும், சேர்த்துக்கொள்ளலாம். வாட்ஸப்பில் என்றால் 'செய்கிறேன்' என்று தொடங்கியது 'செ' என்று மட்டும் போய்விடும்.

"ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறைக்கு மாறிவிடுங்களேன்" என்று நிறையப் பேர் சொன்னார்கள். பதினைந்து வருடமாகக் கைக்கு வந்த முறை இது. உயிர் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில் என்று இரண்டு கையும் மாறி மாறிப் போகும். அந்த ஓட்டத்தில் சொற்களை யோசிக்காமலே எழுத முடிகிறது. ஒரு பலகைக்காக அதை விட எனக்கு மனம் இல்லை.

நியாயமாகப் பார்த்தால் இடம் இல்லைதான். சாதாரண கீபோர்டில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடு வரை சுமார் 19 மி.மீ. எழுத்துப் பகுதி மட்டுமே 28 செ.மீ.க்கு மேல் வரும். என் டேப்லெட்டின் மொத்த அகலமே 25 செ.மீ. எங்கேயாவது வெட்டித்தான் ஆக வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இடது ஓரத்தில் கேப்ஸ் லாக் மட்டும் இரண்டு விசை அகலத்துக்குக் கால் நீட்டிப் படுத்திருக்கிறதே, அதைக் குறைத்திருக்கக் கூடாதா? தமிழில் பெரிய எழுத்தே கிடையாது. தமிழ் எழுதுகிற ஒருவர் கையில் கொடுத்து ஒரு பக்கம் அடிக்கச் சொல்லியிருந்தால் இந்தப் பலகை இப்படி வந்திருக்காது. புதிதாக மாற்றியதிலாவது திருத்தியிருப்பார்களோ என்று ஆசையோடு பெட்டியைப் பிரித்தேன். அதே அச்சு, அதே ஒடுக்கம்.

இரண்டாவது வருடம் ஒரு வழி கண்டுபிடித்தேன். இதே தொல்லை உள்ளவர்களுக்கு உதவும். மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஒரு விசையை இன்னொரு விசையாக மாற்றி வைக்கலாம். மேல் அம்பையும் சாய்கோடாக மாற்றிவிட்டேன். இப்போது இரண்டில் எதைத் தொட்டாலும் ழ விழுகிறது. மேல் வரிக்குப் போக வேண்டுமானால் திரையில் விரலை வைத்துக்கொள்கிறேன். ழ தப்பித்தது. ச, ஞ, ந, ய நான்குக்கும் இன்னும் வழி இல்லை.

இவ்வளவு கோபத்துக்கு நடுவிலும் இதை ஏன் மூன்று வருடம் வைத்திருந்தேன் என்றால், பலகையைக் கழற்றிய பிறகு கிடைக்கும் அந்தத் திரைக்காகத்தான். நெடுக்காகத் திருப்பிப் பிடித்தால் கிட்டத்தட்ட 13.5 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம். நம் புத்தகங்களின் டெம்மி அளவும் ஏறக்குறைய அதுதான். அச்சுக்குப் போகப்போகிற பக்கம், அச்சாகி வரும் அதே அளவில், உருட்ட வேண்டிய தேவை இல்லாமல் முழுசாகக் கைக்குள் நிற்கிறது. வரி எங்கே உடைகிறது, பத்தியின் கடைசிச் சொல் தனியாகத் தொங்குகிறதா, பக்க எண் சரியா, எல்லாம் ஒரே பார்வையில் தெரிகிறது. கிடைமட்டமான லேப்டாப் திரையில் இத்தனை வருடம் பார்த்தும் கண்ணில் படாத பிழைகளை இதில் பிடித்திருக்கிறேன். முதல் தடவை அப்படி ஒரு நூலை முழுக்கப் படித்து முடித்த ராத்திரி, புத்தகத்தையே கையில் வைத்திருந்த மாதிரி ஒரு சந்தோஷம். அந்த ஒன்றுக்காகவே இந்தப் பொருளை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

சரி, தம்பிக்கு என்ன பதில்? வேண்டாம்டா. நீ ஆய்வேடு எழுதப்போகிறாய், முந்நூறு பக்கம் தமிழில் தட்டச்சு செய்ய வேண்டும். என்னை மாதிரி எழுதியதைப் படிப்பது இல்லை உன் வேலை. பழைய மாடல் மலிவாகக் கிடைக்கிறது என்றும் போகாதே. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, பழைய மலிவு டேப்லெட்டுகளில் இருக்கும் பிராசசர்கள் பல விண்டோஸ் 11க்குத் தகுதிப் பட்டியலிலேயே இல்லை.

அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால், வாங்குமுன் பலகையை மாட்டச் சொல்லி, தமிழ்99 போட்டு இந்த ஒரு வரியை ஐந்து தடவை வேகமாக அடித்துப் பார்: "ஞாயிறு எழுந்ததும் செய்தி வாசித்தான்." ஐந்து தடவையும் பிழையில்லாமல் வந்தால் அந்த மாடலின் பெயரை எனக்கும் அனுப்பு. நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.