ஹூவர் படம்: 1977ஆ, 2011ஆ?

அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்புக்கு எஃப்.பி.ஐ. என்ற பெயர் வருவதற்கு முன்பே, 1924-ல் அதன் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து 1972-ல் சாகும்வரை எழுந்திருக்காத மனுஷன் எட்கர் ஹூவர். அவரைப் பற்றி இரண்டு படங்கள்: லாரி கோஹன் இயக்கிய 'The Private Files of J. Edgar Hoover' (1977), கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கிய 'J. Edgar' (2011). எதைப் பார்க்கலாம்?

நடிப்பு: 2011-ல் டிகாப்ரியோ, இளமை முதுமை இரண்டும் அவரே. 1977-ல் பிராடரிக் கிராஃபோர்ட், வயதான ஹூவர் மட்டும். சும்மா நின்றாலே மிரட்டுகிறார்.

ஒப்பனை: புதியதில் ஹூவரின் வலதுகையும் நெருங்கிய நண்பருமான டால்சன் கிழவரானபோது முகம் மெழுகுபொம்மை மாதிரி, சிரிப்பு வந்துவிடும். பழையதில் அந்தத் தொல்லையே இல்லை, இளம் ஹூவருக்கு வேறு நடிகர்.

கதை: புதியதில் ஈஸ்ட்வுட், ஹூவரின் அம்மா, நூலகப் புத்தகப் பட்டியல் அட்டைகள், டால்சன் என்று வீட்டுக்குள் நுழைகிறார், கடைசியில் ஹூவர் அளந்த கதைகளையே பொய்யாக்குவதுதான் அருமை. லாரி கோஹனுக்கு ரகசியக் கோப்பும் அரசியலும்தான்.

மனிதரைத் தெரிய 2011, அதிகார ஆட்டத்துக்கு 1977. என் ஓட்டு பழசுக்கு.