காயே து சினிமா: பழைய இதழ்களோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஏடு

1951 ஏப்ரலில் பாரிஸில் ஆந்த்ரே பஸான், ஜாக் தோனியோல்-வால்குரோஸ், லோ துக்கா ஆகிய மூவர் தொடங்கிய ‘காயே து சினிமா’ என்ற பிரெஞ்சுத் திரைப்பட ஏடு இன்றும் மாதந்தோறும் வெளிவருகிறது. அதன் புதிய இதழை மட்டும் வாங்குபவருக்கு நல்ல திரைப்பட ஏடு ஒன்று கிடைக்கும். பழைய இதழ்களையும் தேடிப் படிப்பவருக்கோ எழுபது ஆண்டுகளாக ஓயாத ஒரு வாக்குவாதமே கிடைக்கும்.

மஞ்சள் அட்டையில் கறுப்பு வெள்ளைப் படத்துடன் வந்த முதல் பத்தாண்டு இதழ்களையே நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். நாவல்களைப் படமாக்கும்போது, திரையில் காட்ட இயலாதவை என்று சில காட்சிகளைத் தாமே முடிவுசெய்து மாற்றிவிடும் திரைக்கதையாசிரியர்களை, பின்னாளில் இயக்குநரான, அப்போது 21 வயதே ஆன த்ரூஃபோ 1954 ஜனவரி இதழில் பெயர் சொல்லிச் சாடினார். படத்தின் ஆசிரியர் இயக்குநரே என்ற கொள்கை அதிலிருந்து வலுப்பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில் இயக்குநர் ஹிட்ச்காக்குக்கு ஒரு சிறப்பிதழே வந்தது. இந்த வழிபாடு எல்லை மீறுவதைக் கண்ட பஸான், 1957இல் தம் ஏட்டின் இளைய விமர்சகர்களை மறுத்து அதே ஏட்டில் எழுதினார். தன் கொள்கையைத் தானே கேள்வி கேட்கும் இந்தத் துணிவு எத்தனை ஏடுகளுக்கு உண்டு?

1963இல் ஆசிரியராக இருந்த ரோமேரின் இடத்துக்கு ரிவெத் வந்தார். அடுத்த ஆண்டு ஏடு பதிப்பாளர் ஃபிலிப்பாக்கியின் கைக்கு மாறியது. 1968க்குப் பின் அரசியல் முன்னுக்கு வந்து, மாவோவிய நிலைப்பாட்டில் முடிந்தது. புகைப்படங்களே இல்லாமல் வந்த 1972–73 இதழ்களை ஆய்வாளர் தவிர வேறு எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். உரைநடை அவ்வளவு வறட்சி. ஆயினும் ஜான் ஃபோர்டின் ‘யங் மிஸ்டர் லிங்கன்’ படத்தைப் பற்றி ஆசிரியர் குழு 1970இல் கூட்டாக எழுதிய நீண்ட ஆய்வு, கடினமானதென்றாலும் உழைத்துப் படிக்கத் தக்கது. எழுபதுகளின் நடுவில் ஆசிரியர் பொறுப்பேற்ற செர்ஜ் தானேயின் எழுத்தில், கோட்பாட்டுக்கு அடியில் மறைந்திருந்த பார்வையாளர் மீண்டும் தென்படுகிறார். 1981இல் அவர் விலகியது ஏட்டுக்குப் பேரிழப்பு.

2020இல் திரைப்படத் தயாரிப்பாளர்கள் சிலர் அடங்கிய குழு ஏட்டை வாங்கியபோது, விமர்சனத்தின் சுதந்திரம் கெடும் என்று ஆசிரியர் குழு முழுவதும் விலகியது. மார்க்கோஸ் உசால் தலைமையில் தொடரும் இன்றைய இதழ்களில் கவனமான எழுத்து இருக்கிறது. பழைய சண்டைக் குணம்தான் குறைவு. பிரெஞ்சு தெரியாதவர்கள், 1950கள் முதல் 1978 வரையிலான கட்டுரைகளிலிருந்து தேர்ந்தெடுத்து ஆங்கிலத்தில் வந்துள்ள நான்கு தொகுதிகளில் முதலாவதை வாங்கலாம். பஸானின் 1957 மறுப்பும் அந்த முதல் தொகுதியின் காலப்பகுதியான 1950களைச் சேர்ந்ததே.