பிற்பகல் அசதிக்குக் காபியா, குட்டித் தூக்கமா, நடையா?

மணி மூன்று. கண்ணைச் சொக்குகிறது. வேலை இன்னும் பாதிகூட முடியவில்லை. அந்த நேரத்தில் கைக்கு எட்டும் வழிகள் மூன்று: ஒரு காபி, இருபது நிமிடத் தூக்கம், பத்து நிமிட நடை. மூன்றும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். எது பக்கத்தில் கிடைத்ததோ அதை எடுத்துக்கொண்டேன். பெரும்பாலும் அது காபியாகவே இருந்தது.

தூக்கக் கலக்கம் வேறு, உடம்பு அசதி வேறு, மனச் சோர்வு வேறு. தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் இருந்தும், இப்போது பேச்சில் எல்லாவற்றையும் ‘டயர்டா இருக்கு’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். எனவே எதை எடுப்பது என்று பார்க்கும் முன் ஒரு சின்னச் சோதனை. இப்போது படுக்க இடம் கொடுத்தால் சில நிமிடங்களில் தூங்கிவிடுவீர்களா? ஆம் என்றால் அது தூக்கப் பாக்கி. உடம்பு கனக்கிறது, ஆனால் படுத்தாலும் தூக்கம் வராது என்றால் அது அசதி. இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

முதலில் காபி. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகிறது. அது தன் ஏற்பிகளில் போய் உட்காரும்போதுதான் தூக்கம் அழுத்துகிறது. காஃபீன் முந்திக்கொண்டு அந்த இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. சேர்ந்த அடினோசின் அப்படியே காத்திருக்கிறது. காஃபீன் விலகியதும் மொத்தமாக வந்து உட்காருகிறது. ஆக, காபி கடனை அடைப்பதில்லை, தவணையைத் தள்ளிப்போடுகிறது. அவசரத்துக்கு அதுவும் ஓர் உதவிதான், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

சிக்கல் இரவில் தெரியும். உடம்பில் காஃபீன் பாதியாகக் குறையவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இன்னும் நீளும். மாலை 4 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 9 மணிக்கும் உள்ளே இருக்கும். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், படுக்கைக்கு 6 மணி நேரம் முன் 400 மி.கி. காஃபீன் எடுத்தவர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூக்கத்தை இழந்தார்கள். இழந்தது அவர்களுக்கே தெரியவில்லை; கருவிதான் காட்டிக்கொடுத்தது. மறுநாள் பிற்பகல் அசதி எங்கிருந்து வந்தது என்று அவர்கள் யோசித்தால் காபி நினைவுக்கே வராது. மதியத்துக்குப் பிறகு காபியை நான் நிறுத்தியதற்கு இதுதான் காரணம்.

குட்டித் தூக்கம் கடனில் ஒரு பகுதியையாவது உண்மையாகவே கழிக்கிறது. நீண்ட தூர விமானிகளை வைத்து நாசா நடத்திய ஆய்வு இதில் பெயர் பெற்றது. முறை வைத்து 40 நிமிட ஓய்வு கொடுத்தார்கள். அவர்கள் தூங்கியது சராசரியாக 26 நிமிடம். ஓய்வு கிடைக்காதவர்களைவிட அவர்கள் தெளிவாக இருந்தார்கள். ஆனால் அளவு முக்கியம். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவோம். அங்கிருந்து எழுப்பினால் தலை மந்தமாகி, தூங்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றும். அலாரம் 20 நிமிடத்துக்கு, அதுவும் மூன்று மணிக்குள். இரவில் தூக்கம் வராமல் புரளுபவர்கள் பகல் தூக்கத்தைத் தொடவே வேண்டாம். இரவுக்கென்று சேர வேண்டிய தூக்க அழுத்தத்தை அது கரைத்துவிடும்.

இந்த இரண்டையும் சேர்த்தும் எடுக்கலாம். காபி வேலை செய்யத் தொடங்க இருபது, முப்பது நிமிடம் ஆகும் என்பதால், குடித்த கையோடு படுத்தால் எழும் நேரத்துக்குச் சரியாக வந்து சேரும். வண்டி ஓட்டும்போது கண் சொக்கினால் ஓரமாக நிறுத்திவிட்டுச் செய்ய வேண்டியது இதுதான். அங்கே நடை போதாது.

நாற்காலியில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து வந்த அசதிக்கு என் முதல் தேர்வு நடை. 2017இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில், இரவில் சரியாகத் தூங்காத இளம்பெண்களை வைத்து 10 நிமிடம் மாடிப்படி ஏறி இறங்குவதையும் 50 மி.கி. காஃபீனையும் ஒப்பிட்டார்கள். படி ஏறியவர்களுக்குத்தான் உற்சாகம் கூடியது. அந்த உற்சாகம் வெகுநேரம் நிற்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தொடர்ந்து செய்தால் கதை மாறுகிறது: அதே பல்கலைக்கழகத்தின் 2008 ஆய்வில், ஓயாத அசதி இருந்தவர்கள் ஆறு வாரம், வாரம் மூன்று முறை 20 நிமிடம் லேசாக சைக்கிள் மிதித்தார்கள். அவர்களின் அசதி பெரிதும் குறைந்தது. வியர்க்க விறுவிறுக்க மிதித்தவர்களைவிட மெல்ல மிதித்தவர்களுக்கே அதிகம் குறைந்தது. அசதியாக இருப்பவரை ‘ஜிம்முக்குப் போ’ என்று விரட்டுபவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

இனிப்பைப் போட்டியில் சேர்க்கவே இல்லை. அது தெம்பைக் கூட்டுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் விழிப்பு குறைவதாகவே காட்டுகின்றன.

மூன்றில் எது வென்றாலும் இரவுத் தூக்கத்துக்கு ஈடாகாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் 2003 ஆய்வில், 14 நாள் தினமும் 6 மணி நேரம் மட்டும் படுத்தவர்களின் கவனம், ஓர் இரவு முழுக்கக் கண்விழித்தவர்கள் அளவுக்குச் சரிந்தது. அவர்களோ தங்களுக்குப் பழகிவிட்டது என்று நினைத்தார்கள்.

ஏழு, எட்டு மணி நேரம் தூங்கியும் சில வாரங்களாக அசதி விலகவில்லை என்றால் ஒப்பீட்டை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அங்கேயும் ஒரு போட்டி உண்டு: கடையில் வாங்கும் சத்து மாத்திரையா, ரத்தப் பரிசோதனையா? தயங்காமல் பரிசோதனை என்பேன். தைராய்டு, சர்க்கரை, பி12, ஹீமோகுளோபின் எல்லாம் அதில் தெரியும். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமுள்ள பெண்கள், உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்பு இருப்பு குறைந்தாலே அசதி வரும். பலத்த குறட்டை இருந்தால் அதையும் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதாக இருக்கலாம். பரிசோதிக்காமல் இரும்பு மாத்திரை விழுங்குவது ஆபத்து, அளவு மீறினால் உடம்பைக் கெடுக்கும். குறைவு உறுதியானால், சாப்பாட்டோடு குடிக்கும் காபி, டீயை ஒரு மணி நேரமாவது தள்ளிவையுங்கள். இரும்பு உடம்பில் சேர்வதை அவை தடுக்கின்றன.