ஒயர் நட்டா, லீவர் கனெக்டரா? ஜாயிண்ட்டை எதனிடம் ஒப்படைப்பது

முதலில் ஒரு சின்னக் கணக்கு. இரண்டு ஒயர் சேரும் இடத்தில் பிடி தளர்ந்து 0.1 ஓம் தடை உண்டாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வழியே 16 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரே புள்ளியில் 25.6 வாட் வெப்பம் பிறக்கும். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றின் அளவே 25 வாட்தான். அதைச் சூடாக்கி ஜங்ஷன் பாக்ஸுக்குள் போட்டு மூடியைத் திருகிவிட்டுத் தூங்கப் போவதற்குச் சமம் இது.

மின்பெட்டியில் தானாக விழும் சுவிட்சான எம்சிபி இதைக் கண்டுபிடிக்காது. மின்னோட்டம் அளவு மீறினால்தான் அது விழும், இங்கே மீறவில்லை. மின்கசிவைக் கண்டு விழும் ஆர்சிசிபியும் விழாது, ஏனென்றால் எர்த்துக்கு எதுவும் கசியவில்லை. இன்சுலேஷன் கருகி ஒயரும் ஒயரும் தொட்டுக்கொண்ட பிறகுதான் இந்தக் காவல்காரர்களுக்குச் செய்தி போகும். ஆகவே எந்த ஜாயிண்ட் நல்லது என்று நான் பார்க்கும்போது கேட்பது ஒரே கேள்வி: சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி, பல வருடம் கழித்தும் செம்பைச் செம்போடு அழுத்திப் பிடித்திருப்பது எது?

இந்தக் கேள்வியிலேயே டேப் தோற்றுவிடுகிறது. கட்டிங் பிளேயரால் முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட்டில் அழுத்தம் தருவதற்கு எதுவுமே இல்லை. முறுக்கிய அன்று இறுக்கமாக இருக்கும். செம்பு சுருள்வில் அல்ல. சூட்டில் விரிந்து, ஆறிச் சுருங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நெகிழும். டேப்பின் பசையும் சூட்டில் இளகி வழியும், நுனி தானாகப் பிரிந்து தொங்கும். டேப்பின் வேலை இன்சுலேஷன். கம்பியைப் பிடித்து வைப்பது அதன் வேலை அல்ல. பழைய ஆட்கள் முறுக்கி ஈயம் பற்றவைத்த பிறகுதான் டேப் சுற்றினார்கள். நாம் நடுவில் இருந்த வேலையை மட்டும் வசதியாக மறந்துவிட்டோம்.

அந்த ஈயப் பற்றவைப்புக்கு மாற்றாக வந்ததுதான் ஒயர் நட் என்ற முறுக்கு மூடி. கனடாவில் வில்லியம் மார் என்பவர் 1914இல் உருவாக்கிய மாரெட் இதற்கு முன்னோடி. அங்கே இன்றும் எந்த முறுக்கு மூடியையும் மாரெட் என்றே சொல்கிறார்கள். வட அமெரிக்காவில் வீட்டு ஒயரிங் பெரும்பாலும் இதன் மேல்தான் நிற்கிறது. பிரிட்டனில் பீங்கான் மூடிகள் கொஞ்ச காலம் புழங்கி வழக்கொழிந்தன. ஐரோப்பா பிறகு லீவர் கனெக்டர் பக்கம், அதாவது ஒயரை நுழைத்துச் சின்ன நெம்புகோலை அமுக்கினால் பிடித்துக்கொள்ளும் வகையின் பக்கம் சாய்ந்தது.

வெளியே பிளாஸ்டிக் தொப்பி மாதிரி தெரிந்தாலும் சூட்சுமம் உள்ளேதான் இருக்கிறது: கூம்பு வடிவச் சுருள்வில், அதன் கம்பியும் விளிம்புள்ளது. வலப்பக்கமாகத் திருகும்போது அந்த விளிம்பு செம்பில் மரை போலப் பதியும். வில் கொஞ்சம் விரிந்து கொடுத்து, திரும்பச் சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருங்கும் துடிப்புதான் அழுத்தம். செம்பு சூட்டில் விரிந்தாலும் சுருங்கினாலும் வில் கூடவே போகும். மின்சாரம் பெரும்பாலும் செம்பிலிருந்து நேரே செம்புக்குப் பாயும், நடுவில் வேறு உலோகம் இல்லை. ஒற்றைக் கம்பிகள் இரண்டு மூன்றைச் சேர்க்க இதைவிட எளிமையான சாதனத்தை நான் பார்த்ததில்லை.

ஆனால் எல்லாம் கையைப் பொறுத்தது. அளவு தப்பினால் போச்சு. ஒருமுறை இரண்டு மெல்லிய ஒயருக்கு, கையில் கிடைத்தது என்று பெரிய மூடியை மாட்டினேன். நன்றாகத் திருகிய மாதிரிதான் இருந்தது. இழுத்துப் பார்த்தபோது ஒன்று வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. வில் விரியவே இல்லை என்றால் அழுத்தம் எங்கிருந்து வரும்? எந்த நிறம் எத்தனை ஒயரை, எந்தத் தடிமனில் பிடிக்கும் என்பது பாக்கெட்டில் அட்டவணையாக இருக்கும். நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறலாம் என்பதால் ‘சிவப்பு என்றால் இவ்வளவு’ என்ற மனப்பாடம் கைகொடுக்காது.

செய்யும் முறை இது. மெயினை ஆஃப் செய்து, மீட்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பாக்கெட்டில் சொன்ன நீளத்துக்குத் தோலை உரியுங்கள். ஸ்ட்ரிப்பரால் உரிப்பது நல்லது. கத்தியால் உரித்தால் செம்பில் வெட்டு விழும், பிறகு அந்த இடத்தில்தான் கம்பி ஒடியும். நுனிகளைச் சமமாக வைத்து மூடியை அழுத்தியபடி திருகுங்கள். மூடிக்கு வெளியே இருக்கும் தோலுள்ள பகுதியும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் வரை திருகலாம். பிறகு ஒவ்வொரு ஒயரையும் தனித்தனியாகப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கொத்தாக இழுத்தால் தளர்ந்த ஒன்று மற்றவற்றின் பின்னால் ஒளிந்துகொள்ளும். மூடியின் விளிம்புக்குக் கீழே வெறும் செம்பு தெரியக் கூடாது.

பிளேயரால் முன்கூட்டியே முறுக்க வேண்டுமா என்பதில் எலெக்ட்ரீஷியன்களுக்குள் தீராத வழக்கு உண்டு. பல தயாரிப்பாளர்கள் தேவையில்லை என்கிறார்கள். அனுபவஸ்தர்கள் பலர் முறுக்காமல் விடமாட்டார்கள். மூன்றுக்கு மேல் ஒயர் இருந்தால் நான் முறுக்குவேன், இல்லையென்றால் நடுவில் ஒன்று நழுவி மேலேறாமல் நின்றுவிடும். மூடியின் மேல் டேப் சுற்றுவது அவசியமில்லை. அடுத்து வருபவர் பிரிக்கும்போது பிசுபிசுப்பைத் திட்டுவார், அவ்வளவுதான்.

லீவர் கனெக்டர் இந்தக் கைத்திறனையே கேட்பதில்லை. 11 மில்லிமீட்டர் உரி, லீவரைத் தூக்கு, நுழை, அமுக்கு. அதிகம் புழங்கும், வாகோ நிறுவனத்தின் 221 வரிசையில் 4 சதுர மில்லிமீட்டர் வரை ஒயர் போகும், 32 ஆம்பியர் தாங்கும். 6 சதுர மில்லிமீட்டருக்கு 41 ஆம்பியர் தாங்கும் பெரிய அண்ணன் ஒன்று உண்டு. ஒவ்வொரு ஒயருக்கும் தனி வில், தனி அறை. ஒன்றைக் கழற்றினால் மற்றவை அசையாது. உடல் கண்ணாடி மாதிரி இருப்பதால் செம்பு கடைசி வரை போயிருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஒயர் நட்டில் இந்த வசதி கிடையாது. மீட்டர் முனையை வைத்துப் பார்க்கச் சின்னத் துளையும் இருக்கிறது.

இரண்டும் உண்மையில் பிரியும் இடம் மல்டிஸ்ட்ராண்ட் ஒயர். மெல்லிய இழைகள் கொத்தாக இருக்கும் இந்த ஒயரை ஒற்றைக் கம்பியோடு வைத்து மூடியைத் திருகினால், இழைகள் கம்பியைச் சுற்றிக்கொண்டு தாங்கள் மட்டும் பின்வாங்கும். மூடி பிடிப்பது கம்பியை மட்டும்தான். இழையுள்ள ஒயரை 3 மில்லிமீட்டர் போல நீட்டி வைத்துத் திருகினால் சமாளிக்கலாம், அந்த மூடிக்கு அந்தச் சேர்க்கை அனுமதிக்கப்பட்டதா என்று பார்த்துக்கொண்டு. ஆனால் கூரையடியில், ஏணி மேல், ஒரு கையில் விளக்கைத் தாங்கியபடி அந்த 3 மில்லிமீட்டரை யார் காப்பாற்றுவது? லீவரில் இழைக்கு ஓர் அறை, கம்பிக்கு ஓர் அறை, பிரச்சினையே இல்லை. என் கட்சி இதுதான்: எல்லாமே ஒற்றைக் கம்பி என்றால் ஒயர் நட் போதும், ஓர் ஒயர் மல்டிஸ்ட்ராண்ட் என்றாலும் லீவர்.

லீவரின் குறை இடமும் காசும். நான்கைந்து ஜாயிண்ட் உள்ள சிறிய பாக்ஸில் அவை நெருக்கியடிக்கும். நட் எந்த மூலையிலும் ஒடுங்கும். இன்னொன்று, பார்க்க அச்சு அசலாக இருக்கும் நகல்கள். வில் எஃகில் மிச்சம் பிடித்திருந்தால் வெளியே தெரியாது. மேலே தரச்சான்று முத்திரையும் ஆம்பியர் அளவும் இல்லாததை வாங்கவே வேண்டாம். லீவர் இல்லாமல் வெறுமனே குத்திச் செருகும் வகை மலிவு, சிறிது. ஒற்றைக் கம்பிக்குச் சரி. மெல்லிய இழை அதில் மடங்கிவிடும், போகாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திருகு வைத்த ஸ்ட்ரிப் கனெக்டர் எல்லாருக்கும் பழக்கமானது. திருகு நேரடியாக இழைகளின் மேல் ஏறி அவற்றை அறுக்கும், அதற்கு இழைகளின் நுனியில் ஃபெரூல் என்ற சின்ன உலோக உறை மாட்ட வேண்டும். பலர் இழை சிதறாமல் இருக்க ஈயம் வைத்து, பிறகு திருகுகிறார்கள். அது தப்பு. ஈயம் மெத்தென்ற உலோகம். அழுத்தத்தில் மெல்ல வழிந்து இடம் கொடுக்கும், இறுக்கிய திருகு தானாகத் தளர்ந்து நிற்கும். சால்டரிங் நன்றாகச் செய்தால் நல்ல ஜாயிண்ட்தான், ஆனால் முதலில் முறுக்கிலேயே உறுதியாக இருக்க வேண்டும்: ஜாயிண்ட் சூடேறினால் ஈயம் 183 டிகிரியை ஒட்டி இளக ஆரம்பிக்கும். அதிர்வு உள்ள இடத்தில், உலோக உறைக்குள் ஒயரை வைத்து நசுக்கிப் பிடிக்கும் கிரிம்ப்தான். கார் ஒயரிங் எல்லாம் அப்படித்தான், ஆனால் சரியான கிரிம்பிங் டூல் இல்லாமல் பிளேயரால் நசுக்கினால் அது கிரிம்ப் அல்ல.

எதைத் தேர்ந்தாலும் ஜாயிண்ட் பாக்ஸுக்குள் இருக்க வேண்டும், திறந்து பார்க்கும்படி இருக்க வேண்டும். ஈரம் படும் இடத்துக்குச் சிலிக்கோன் ஜெல் நிரப்பிய மூடிகள் தனியே வருகின்றன.

பாக்ஸைத் திறந்ததும் கம்பி வெள்ளையாகத் தெரிந்தால் மட்டும் நிறுத்துங்கள். வெட்டிய நுனியைப் பாருங்கள்: நடுவில் சிவப்பு தெரிந்தால் மேலே வெள்ளீயம் பூசிய பழைய செம்பு ஒயர், கவலையில்லை. உள்ளும் வெள்ளை என்றால் அலுமினியம். அது செம்பைவிட அதிகமாக விரியும், காற்றுப் பட்டவுடன் மேலே மின்சாரம் கடத்தாத படலம் பூத்துவிடும். செம்போடு சேர்த்துச் சாதாரண மூடியில் முறுக்கவே கூடாது. அதற்கென்று தனிக் கனெக்டரும், அந்தப் படலம் பூக்காமல் தடுக்கும் பசையும் வேண்டும். அவை கையில் இல்லையென்றால் பாக்ஸை மூடி, மெயினை ஆஃபிலேயே விட்டுவிட்டு, அலுமினிய ஒயரிங்கில் கைதேர்ந்தவரைக் கூப்பிடுங்கள்.